போட்டிருந்த சட்டை எங்கே போகும்? உருமாறும் இளையோர் நாவல்களின் உள்கணக்கு

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் மொட்டை மாடியில் நின்று காகமாக மாறுகிறான் என்று ஒரு நாவல் தொடங்கினால், பன்னிரண்டு வயது வாசகர் கேட்கும் முதல் கேள்வி ‘எப்படி மாறினான்?’ என்பதாக இருக்காது. மந்திரம் என்று சொல்லிவிட்டால் அதை ஏற்றுக்கொள்வார்கள். அவர்கள் கேட்பது, ‘போட்டிருந்த சட்டை எங்கே போச்சு?’ என்பதுதான். அது கீழே கிடந்தால் யாராவது பார்த்துவிடுவார்களே, திரும்பி மனிதனாகும்போது என்ன செய்வான், மூக்குக் கண்ணாடி என்ன ஆகும் என்று கேள்விகள் தொடர்ந்து வரும். இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்கும் எழுத்தாளரின் கதை மூன்றாவது அத்தியாயத்திலேயே தளர்ந்துவிடும். இவ்வகை நாவலை வாசகர் நம்புவது மந்திரத்தின் பிரம்மாண்டத்தால் அல்ல. சட்டை, எடை, பசி, நேரம் போன்ற சில்லறைக் கணக்குகள் சரியாக நிற்பதால்தான் நம்புகிறார்கள்.

துணிக் கேள்வி புதிதும் அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸ் எழுதிய ‘சாட்டிரிகான்’ நூலில் ஓர் ஓநாய் மனிதன் கதை வருகிறது. நிலா வெளிச்சத்தில், கல்லறைகள் இருக்கும் வழியில், ஒரு படைவீரன் உடைகளைக் கழற்றி வைத்து அவற்றைச் சுற்றிச் சிறுநீர் கழித்துவிட்டு ஓநாயாகி ஓடுகிறான். கூட வந்தவன் அந்த உடைகளைத் தொட்டுப் பார்த்தால் அவை கல்லாகிக் கிடக்கின்றன. இரவில் ஆட்டு மந்தைக்குள் புகுந்த ஓநாயின் கழுத்தில் ஓர் அடிமை ஈட்டியால் குத்துகிறான். விடிந்து வீட்டுக்குப் போனால், படைவீரன் படுக்கையில் கிடக்கிறான், வைத்தியர் அவன் கழுத்துக் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். துணிக்குப் பாதுகாப்பு உண்டு, விலங்கு உடலில் பட்ட காயம் மனித உடலுக்கும் வரும் என்ற இரண்டு விதிகள் அப்போதே வந்துவிட்டன. இரண்டாவது விதி இன்றைக்கும் பொன்னான விதி. ரகசியம் உடைவதற்கு அதைவிட நேர்த்தியான வழி இன்னும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரி தெ பிரான்ஸ் என்ற பெண் கவிஞர் பழைய பிரெஞ்சில் எழுதிய ‘பிஸ்கிளாவ்ரே’ இதையே கதையின் மையமாக்கியது. ஒரு பிரபு ஒவ்வொரு வாரமும் மூன்று நாள் காணாமல் போகிறார். மனைவி நச்சரித்துக் கேட்டதில், ஓநாயாகக் காட்டில் திரிவதாகச் சொல்லிவிடுகிறார். அவள் அடுத்துக் கேட்பது, ‘அப்போது உடுப்பு போட்டிருப்பீர்களா?’ என்று. பழைய தேவாலயத்துக்குப் பக்கத்தில், புதருக்குள் இருக்கும் குழிவான கல்லில் துணியை ஒளித்து வைப்பதாகவும், அது தொலைந்தால் மனிதனாகத் திரும்பவே முடியாது என்றும் அவர் சொல்ல, அவள் தன்னை விரும்பும் ஒருவனை அனுப்பித் துணியை எடுக்க வைக்கிறாள். ஓநாயாகவே மாட்டிக்கொண்ட பிரபு, வேட்டைக்கு வந்த அரசரின் காலைப் பிடித்து உயிர் தப்பி, அரண்மனையிலேயே வளர்கிறார். உண்மை வெளிவந்து துணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தபோது, ஓநாய் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சபையில் இருந்த விவேகி ஒருவர்தான் காரணத்தைக் கண்டுகொள்கிறார்: எல்லார் முன்னாலும் மாற அதற்கு வெட்கம். தனி அறையில் துணியோடு விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். பிறகு அரசர் உள்ளே போய்ப் பார்த்தால், அரசரின் கட்டிலில் ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த வெட்கம்தான் இளையோர் நாவலின் உயிர். பதினான்கு வயதில் உடம்பைப் பற்றி இருக்கும் கூச்சம் வேறு எந்த வயதிலும் அந்த அளவுக்கு இருக்காது. எண்ணூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் அதை ஒரு சாத்திய கதவில் காட்டிவிட்டார். அந்தக் காட்சியை ஊன்றிப் படிப்பது, எழுத வருகிறவருக்குப் பத்துப் பயிற்சி வகுப்புகளுக்குச் சமம்.

நவீன நாவல்கள் துணிக்கு நாலைந்து வழிகளில் பதில் சொல்கின்றன. துணி கிழிந்துபோகும். கீழே விழுந்து கிடக்கும். உடம்போடு சேர்ந்து மறைந்து திரும்ப வரும். ஊரில் அங்கங்கே மாற்றுத்துணிப் பை ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி, ஷெட்லாண்ட் தீவுகளின் ‘செல்கி’ கதைகளில் இருப்பதுபோல, விலங்குத் தோலே துணியாக இருப்பதும் உண்டு. கடல்நாய்ப் பெண் தோலைக் கழற்றினால் மனுஷி, தோலை எவனாவது ஒளித்து வைத்துவிட்டால் கடலுக்குத் திரும்ப முடியாதவள். பிள்ளைகள் விலங்குருவெடுக்கும் கே. ஏ. ஆப்பிள்கேட்டின் ‘அனிமார்ஃப்ஸ்’ நாவல் வரிசை (1996 முதல் 2001 வரை, முதன்மை நூல்கள் மட்டும் 54) ஒரு நடுவழியைப் பிடித்தது: உடம்போடு ஒட்டிய மெல்லிய உடுப்பு மட்டும் கூடவே மாறும், காலணியும் தடித்த மேல்சட்டையும் மாறாது. கணக்குப் பார்த்தால் சின்ன விதிதான். ஆனால் அதனால் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் வெறுங்காலோடு, இறுக்கமான உடையில், குளிரில், வீட்டுக்கு வெகுதூரத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. நல்ல விதியின் அடையாளம் அதுதான்: அது தரும் தொல்லையிலிருந்து அடுத்த காட்சி தானாகப் பிறக்கும்.

துணியைத் தீர்த்தவர்களும் உடம்போடு இருக்கும் சின்னப் பொருள்களை மறந்துவிடுவார்கள். பல் வரிசைக்குப் போட்ட கம்பி, மூக்குத்தி, காதுத் தோடு, இடுப்பில் கட்டிய அரைஞாண், கையில் கட்டிய கோயில் கயிறு, எலும்பு முறிவுக்கு வைத்த தகடு, பையில் இருக்கும் செல்போன் என்று பட்டியல் நீளும். மூக்குத்தி குத்திய பெண் பூனையானால், அந்தத் துளை பூனை மூக்கில் இருக்குமா? இருந்தால் ஊர் முழுக்கத் தேடிப் பிடித்த நாலு பூனைகளில் எது அவள் என்று பாட்டி கண்டுபிடித்துவிடுவார். இதையெல்லாம் எழுதத் தொடங்கும் முன்பே ஒரு நோட்டில் ஒரு பக்கம் எழுதி முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் முடிவு செய்தால், அந்தக் காட்சிக்கு வசதியானபடி விதி வளைந்துவிடும், வாசகரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

எடைக் கணக்கு

அடுத்த கேள்வி எடை. 50 கிலோ பையன் காகமாகிறான். வீட்டுக் காகத்தின் எடை சுமார் 300 கிராம். மீதி 49 கிலோ 700 கிராம் எங்கே? ஆற்றலாகக் கரைந்துபோனது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் ஐன்ஸ்டீனின் சமன்பாடு குறுக்கே வரும். அந்த நிறை முழுவதும் ஆற்றலானால், 1961-ல் சோவியத் ஒன்றியம் வெடித்த, வரலாற்றிலேயே பெரிய அணுகுண்டைப்போல் இருபது மடங்குக்கு மேல். மொட்டை மாடி மட்டுமல்ல, மாவட்டமே மிஞ்சாது. எதிர்த்திசையிலும் இதே சிக்கல். அதே பையன் 4,000 கிலோ யானையாக வேண்டும், கூடுதல் நிறையைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறான் என்று வைத்தால், ஏறக்குறைய 3,300 கன மீட்டர் காற்று வேண்டும். எட்டுக்கு ஆறு மீட்டரில், மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு வகுப்பறை என்றால், அப்படி 23 வகுப்பறைகளின் காற்று ஒரே நொடியில் காலியாகும்.

எடை மாறாது, உருவம் மட்டும் மாறும் என்று விதி வைத்தால் 50 கிலோ காகம் பறக்காது. இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்றான ஆப்பிரிக்கக் கோரி பஸ்டர்ட் 18, 19 கிலோவைத் தாண்டுவதில்லை, அதுவும் பறக்க மனமில்லாமல் நடந்தே திரியும். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் அர்ஜென்டினாவில் வாழ்ந்து அழிந்த ஆர்ஜென்டாவிஸ் 70 கிலோ வரை இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள், அதற்கு விரித்த சிறகு ஆறேழு மீட்டர் தேவைப்பட்டது. அந்த அகலத்துக்கு நம் தெருக்களில் சிறகை விரிக்கவே இடம் இருக்காது.

ஓநாய் ஏன் இவ்வளவு பிரபலம் என்பதற்கு இந்தக் கணக்கில் ஒரு பதில் இருக்கிறது. ஐரோப்பா, வட அமெரிக்காவின் சாம்பல் ஓநாய் பெரும்பாலும் 30 முதல் 50 கிலோ, ஏறத்தாழ ஒரு பதின்ம வயதுப் பிள்ளையின் எடை. கணக்கு தானாகச் சரியாகிவிடுகிறது. இந்திய ஓநாய் 20 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், ஆகவே இங்கே கதை நடந்தால் ஓநாய் அவ்வளவாகப் பொருந்தாது. சிறுத்தை பொருந்தும்: 30 முதல் 70 கிலோ வரை, இரவில் நடமாடும், ஊர் ஓரத்திலேயே மனிதர் கண்ணில் படாமல் வாழத் தெரிந்த விலங்கு. புள்ளிமானும் எடைக்கு ஒத்துவரும். விலங்கைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பார்ப்பது நல்லது.

அனிமார்ஃப்ஸ் மிச்ச நிறையை வேறொரு வெளிக்குத் தள்ளிவிட்டது. அங்கே சக்தி கொடுத்தது வேற்றுக்கோளவாசி என்பதால் அந்த அறிவியல் வேடம் பொருந்தியது. மந்திர உலகத்தில் அதே விளக்கத்தை ஒட்டினால் தையல் தெரியும். நம் மரபு இந்த இடத்தில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றை வைத்திருக்கிறது. அட்டமா சித்திகளில் அணிமா சிறிதாவது, மகிமா பெரிதாவது. அவற்றோடு இலகிமா என்று லேசாவதும் கரிமா என்று கனமாவதும் தனித்தனிச் சித்திகள். அளவு வேறு, எடை வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாவலாசிரியருக்கு இது பெரிய கொடை. அணிமா கைகூடிய ஒரு சிறுமிக்கு இலகிமா கைவரவில்லை என்றால், அவள் எலி அளவில் 45 கிலோவாக இருப்பாள். ஓட்டுக் கூரை மீது நடந்தால் ஓடு உடையும், சேற்றில் கால் வைத்தால் புதைந்துபோவாள். அவள் கற்றுக்கொள்ள வேண்டியது எது என்பதும் தெளிவாகிவிடுகிறது.

உள்ளே போய்ப் பார்த்தால் உலகம் வேறு

இந்த வகை நாவலில் அதிகம் கோட்டைவிடும் இடம் புலன்கள். உடம்பை மாற்றிவிட்டு, கண்ணையும் காதையும் நாக்கையும் மனிதனுடையதாகவே விட்டுவிடுகிறார்கள். வெளியே புலி, உள்ளே கேமரா என்ற கதை.

பூனையை எடுத்துக்கொள்வோம். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியை உருவாக்க வேண்டிய மரபணுக்களில் ஒன்று அதன் இனத்தில் செயலிழந்துவிட்டது என்று 2005-ல் கண்டறிந்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் இரவு, பூனையாக மாறிய பெண் சமையலறை அலமாரியில் ஏறி மைசூர்பாகு டப்பாவைத் தட்டித் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்யின் வாசனை மனித மூக்கில் ஒருபோதும் ஏறாத அளவுக்கு ஏறுகிறது. நாக்கில் வைத்தால் கொழுப்பு தெரிகிறது, மணல்போல் நெருடுகிறது, இனிப்பு மட்டும் இல்லை. அவள் மறுபடி நக்குகிறாள். இல்லை. பத்து வருடமாக அம்மா கையால் சாப்பிட்ட பண்டம், அதன் நடுவில் ஒரு ஓட்டை. ‘நான் இப்போது பூனை’ என்று பத்து வரி எழுதுவதைவிட இந்த ஒரு நக்குதல் அதிகம் சொல்லும்.

நாயாக மாறுபவருக்கு வாசனை ஏற்பிகள் இருபது கோடிக்கு மேல், மனிதருக்கு ஐம்பது அறுபது லட்சம். நிறங்களில் நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பு மங்கிய பழுப்பாகிவிடும். ஆகவே நாயுருவில் இருக்கும் பையன், ‘சிவப்புச் சுடிதார் போட்ட பெண்’ணைத் தேட முடியாது. அவள் நேற்று இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள் என்பதை மட்டும் முகர்ந்து சொல்லிவிடுவான். நாய்க்கு நேற்றும் இன்றும் ஒரே இடத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கதை சொல்லும் முறையே அதற்கேற்ப மாறலாம்.

வௌவால் விஷயத்தில் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். ஆலமரத்திலும் மருதமரத்திலும் நூற்றுக்கணக்கில் தொங்கும் நம்முடைய பெரிய பழந்தின்னி வௌவால் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிப்பதில்லை. அதற்கு நல்ல கண்பார்வையும் மூக்கும்தான் துணை. எதிரொலி வேண்டுமென்றால் பூச்சி தின்னும் சிறிய வௌவாலாக மாற வேண்டும், அப்போது ஒன்றரை மீட்டர்ச் சிறகு விரிப்பு கிடைக்காது. நல்ல பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையின் அதிர்வும் காற்றின் தாழ்ந்த ஒலிகளும் எட்டும், மகுடியின் இசை அல்ல, அதன் அசைவுதான் அதைத் திருப்புகிறது. உடல் வெப்பத்தை இருட்டில் காணும் குழி, மூங்கில் விரியன் போன்ற குழிவிரியன்களுக்கு உண்டு, நாகத்துக்குக் கிடையாது. கூகையின் இரு காதுத் துளைகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறியிருக்கும். அதனால்தான் வைக்கோலுக்கு அடியில் ஓடும் எலியின் இடத்தை மேலும் கீழுமாகக்கூடக் கணிக்கிறது. அதன் கண் குழிக்குள் திரும்பாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் தலையையே திருப்ப வேண்டும், 270 பாகை வரை திருப்பலாம், அதற்குக் கழுத்தில் பதினான்கு முள்ளெலும்பு. மனிதருக்கு ஏழுதான். ஓரக்கண்ணால் பார்த்தது என்று கூகையைப் பற்றி எழுதினால் அங்கே ஒரு பறவை ஆர்வலர் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஈயாக மாறியவருக்கு நேரமே வேறு. மனிதக் கண்ணுக்கு நொடிக்கு ஏறக்குறைய அறுபது முறைக்கு மேல் மினுங்குவது தொடர்ந்த வெளிச்சமாகத் தெரியும். சில ஈக்களுக்கு இருநூறையும் தாண்ட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு முறை ஒளிர்ந்து மங்கும். வகுப்பறைச் சுவரில் ஈயாக உட்கார்ந்தவனுக்கு அந்த விளக்கு விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும், ஆசிரியரின் கை அவனை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக இறங்கும்.

உடலைப் பற்றியும் ஒரு சொல். ஓநாயாகும்போது ‘முழங்கால் பின்பக்கமாக மடிந்தது’ என்று எழுதும் வழக்கம் பரவிக் கிடக்கிறது. அது தவறு. நாயின் பின்னங்காலில் பின்னோக்கி மடிவதாகத் தெரிவது முழங்கால் அல்ல, குதிகால். அது விரல் நுனியில் நிற்கிறது, உண்மையான முழங்கால் வயிற்றுக்குப் பக்கத்தில், நம்மைப்போல முன்னோக்கித்தான் மடிகிறது. இதைத் தெரிந்தவர் எழுதினால் மாற்றம் எப்படி இருக்கும்? பாதம் நீண்டுகொண்டே போகிறது, குதிகால் தரையைவிட்டு எழும்பி முழங்கால் உயரத்துக்கு ஏறுகிறது, அவன் முன்பக்கம் சரிந்து கையை ஊன்றுகிறான். பூனைக்குக் கழுத்துப்பட்டை எலும்பு மற்ற எலும்புகளோடு பொருந்தாமல் தசைக்குள் மிதக்கிறது. தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழைவது அதனால்தான். தோள் எலும்பு கழன்றுகொள்ளும் அந்த நொடி, எழுதத் தகுந்த நொடி.

மாற்றக் காட்சியை எவ்வளவு நீளம் எழுதுவது? முதல் தடவை முழுசாக, இரண்டு மூன்று பக்கம்கூடப் போகலாம். இரண்டாவது தடவை, முதலில் சொல்லாத ஒன்றை மட்டும். அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் போதும். பத்தாவது மாற்றத்திலும் எலும்பு ‘மடமட’வென்று உடைந்துகொண்டிருந்தால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். இன்னொன்று, பறவையானதும் பறந்துவிட முடியாது. கூட்டைவிட்டு இறங்கிய காக்கைக் குஞ்சு நாட்கணக்கில் கிளையிலிருந்து கிளைக்குத் தட்டுத்தடுமாறித்தான் கற்கிறது. உடம்பில் திறமை இருக்கிறது, அதை இயக்குவது யார் என்பதுதான் கேள்வி.

யார் இயக்குவது, எத்தனை நேரம்

மனித மனம் விலங்கு மூளைக்குள் எவ்வளவு மிஞ்சும்? முழுதும் மிஞ்சினால் அது வேடம். கொஞ்சமும் மிஞ்சாவிட்டால் கதை சொல்ல ஆள் இல்லை. நடுவில் இழுபறி வேண்டும். அனிமார்ஃப்ஸில் இதைத் தயங்காமல் செய்தார்கள். ஆரம்ப நூல்களில் ஒன்றில் பிள்ளைகள் எறும்பாகிறார்கள். எறும்புக்குத் ‘தான்’ என்ற ஒன்று இல்லை, கூட்டம் மட்டுமே உண்டு. அந்த வெறுமைக்குள் போய் வந்தவர்கள் நடுங்கிப்போகிறார்கள். பல்லுக்கும் நகத்துக்கும் பயப்படாத வாசகரும் அங்கே பயந்தார்.

அந்த வரிசையின் மிக வலுவான விதி நேர வரம்பு: இரண்டு மணி நேரத்துக்கு மேல் விலங்குருவில் இருந்தால் திரும்ப முடியாது. விதியைச் சொன்னால் மட்டும் போதாது, அது கடிக்க வேண்டும். முதல் நூலிலேயே ஐந்து பிள்ளைகளில் ஒருவனான டோபியாஸ் நேரம் தவறி, செவ்வால் பருந்தாகவே நின்றுவிடுகிறான். பின்னால் உருமாறும் சக்தி அவனுக்குத் திரும்பக் கிடைத்தபோதும், பருந்துதான் அவனுடைய சொந்த உரு. மனிதனாக இருக்க இரண்டு மணி நேரமே. எலியைப் பிடித்துத் தின்பதை அவன் வெறுத்து, பிறகு பழகிக்கொள்வதை எழுதிய பக்கங்கள் பிள்ளைகளுக்கான எழுத்தில் அரிதான நேர்மை கொண்டவை.

நேர வரம்பு வைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலங்குக்கு மணி தெரியாது. பருந்து கையில் கடிகாரம் கட்டிக்கொள்ளாது. பள்ளி மணி, பேருந்து நிலையக் கடிகாரம், பாங்கோசை, நிழலின் நீளம் என்று ஊரிலேயே இருக்கும் நேரக் குறிகளைக் கதைக்குள் முன்கூட்டியே விதைத்து வைக்க வேண்டும். பிறகு ஒருநாள் மின்சாரம் நின்று மணி அடிக்காமல் போனால் போதும்.

பசியும் நேரத்தோடு சேர்ந்தது. பறவையின் உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸுக்கு மேல், அது ஓயாமல் எரியும் அடுப்பு. சின்ன உடம்பாக இருந்தால் சில மணி நேரப் பட்டினியே ஆபத்து. மாறிய உடம்பு தின்றது திரும்பும்போது என்ன ஆகும், பாதி செரித்த வெட்டுக்கிளி மனித வயிற்றில் என்ன செய்யும் என்பதையும் அந்த நோட்டுப் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது.

ஏன் பதின்ம வயதிலேயே?

காரணம் வெளிப்படை. சிறுமிகளுக்கு எட்டிலிருந்து பதின்மூன்று வயதுக்குள்ளும் சிறுவர்களுக்கு ஒன்பதிலிருந்து பதினாலுக்குள்ளும் உடல் மாறத் தொடங்குகிறது. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூட உயர்வார்கள். குரல் உடைகிறது, எதிர்பாராத இடத்தில் முடி முளைக்கிறது, மாதவிடாய் வருகிறது, தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகிறது. அனுமதி கேட்காமல் மாறும் உடம்பு என்பது அவர்களுக்கு உவமை அல்ல, இந்த வாரத்துச் செய்தி. அதனால்தான் நாவல் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ‘இது பருவமடைவதைப் போன்றது’ என்று எந்தப் பாத்திரமாவது விளக்கிவிட்டால் மாயம் கலைந்து உடல்நலப் பாடமாகிவிடும்.

வரலாற்றிலும் ஒரு பையன் இருக்கிறான். 1603-ல் தென்மேற்கு பிரான்சில் மேய்ச்சல் வேலை பார்த்துவந்த பதின்மூன்று பதினாலு வயது ழான் கிரெனியே, தான் ஓநாயாகிப் பிள்ளைகளைத் தின்றதாகத் தானே சொல்லிக்கொண்டான். ஓநாய்த்தோலும் களிம்பும் ‘காட்டுப் பெருமான்’ கொடுத்தார் என்றான். பதினாலே ஆண்டுக்கு முன், 1589-ல், ஜெர்மனியின் பெட்பூர்க்கில் பீட்டர் ஸ்டும்ப் என்பவரை ஓநாய் மனிதன் என்று சித்திரவதை செய்து கொன்றிருந்தார்கள். போர்தோ நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. பையனின் வயதையும் மனநிலையையும் கருதி, உயிரைப் பறிக்காமல் ஆயுளுக்கும் ஒரு மடத்தில் இருக்கும்படி அனுப்பியது. 1610-ல் அவனைப் போய்ப் பார்த்த நீதிபதி பியர் தெ லாங்க்ர், அவன் ஓநாய்களைப் பார்ப்பதில் ஆசை கொண்டவனாக இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். யாருக்கும் வேண்டாத ஒரு பையன், தான் பயங்கரமானவன் என்று சொன்னபோதுதான் பெரியவர்கள் அவன் பேச்சைக் கேட்டார்கள். உருமாறும் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிற எவரும் இந்த வழக்கை மனதில் வைத்திருக்க வேண்டும். சக்தி கிடைத்த மகிழ்ச்சியை மட்டும் எழுதும் நாவல்கள் இந்தப் பையனைத் தவறவிட்டுவிடுகின்றன.

கதையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் நவஹோ மக்களிடம் விலங்குருவெடுக்கும் தீய சூனியக்காரர் பற்றிய நம்பிக்கை உண்டு. அதை வெளியாரிடம் பேசவே அவர்கள் தயங்குவார்கள். 2016-ல் புகழ்பெற்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒருவர் அதை எடுத்துத் தம் கற்பனை உலகத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதியபோது, அமெரிக்கப் பழங்குடி எழுத்தாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பு நியாயமானது. உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தின் அச்சம் நமக்கு அலங்காரப் பொருள் அல்ல. வாஷிங்டன் மாநிலத்துக் கடலோரக் குயிலியூட் மக்கள் ஓநாயிலிருந்து மனிதராக்கப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய தோற்றக் கதை. அந்தக் கதையில் ஓநாய் மனிதனாகிறது. விற்பனையில் சாதனை படைத்த நாவல் வரிசை ஒன்று அதைத் திருப்பிப் போட்டு மனிதரை ஓநாயாக்கியது.

தமிழில் எழுதுபவருக்கு வெளியே போய் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்பது உருமாற்றத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்ட பொறியமைப்பு. அங்கே உடல் மாறுவதில்லை, உயிர் இடம் மாறுகிறது. ஆகவே துணிக் கேள்வியும் எடைக் கேள்வியும் எழுவதே இல்லை. அவற்றுக்குப் பதிலாக வேறொரு கேள்வி எழுகிறது: விட்டுவந்த உடம்பை யார் பார்த்துக்கொள்வது? சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்ற இடையனைச் சுற்றிப் பசுக்கள் கண்ணீர் விட்டதைப் பார்த்து இரங்கிய யோகியார், தம் உடலை மறைவாக வைத்துவிட்டு மூலன் உடலுக்குள் புகுந்தார். பசுக்களை ஊர் சேர்த்துவிட்டுத் திரும்பினால் வைத்த உடலைக் காணோம், திருமூலராகவே நின்றார். அருணகிரிநாதர் கிளியுடலில் புகுந்து பாரிஜாத மலர் கொண்டுவரப் போன நேரத்தில், அவர்மேல் பொறாமை கொண்ட சம்பந்தாண்டான் அவர் உடலைத் தகனம் செய்துவிட்டான் என்பது திருவண்ணாமலையில் வழங்கும் கதை. கிளி கோபுரம் அதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. இரண்டிலும் திரும்ப முடியாமல் போகிறது, இரண்டிலும் காரணம் காவல் இல்லாத உடல்.

இதைப் பதின்ம வயதுப் பெண்ணுக்கு வைத்துப் பாருங்கள். போக வேண்டிய உடல் உயிரற்றதாக இருக்க வேண்டும் என்பதால், காலையில் தெருவில் மின்கம்பியில் அடிபட்டு விழுந்த காக்கையை எடுத்து வைத்திருக்கிறாள். உயிர் போன எத்தனை நேரத்துக்குள் புக வேண்டும், அடிபட்ட சிறகோடுதான் பறக்க வேண்டுமா என்பவை அவளுடைய விதிகள். விட்டுச்செல்லும் உடம்பு மூச்சு விடுமா, சில்லிட்டுப்போகுமா, எறும்பு மொய்க்குமா? பாயில் போர்வை போர்த்தி, ஃபேனைக் குறைத்து வைத்து, கதவைத் தாழிட்டு, பக்கத்தில் தம்பியை உட்கார வைத்துவிட்டுப் போகிறாள். அவனுக்குப் பத்து வயது, அவனுக்குத் தூக்கம் வருகிறது. ஆறு மணிக்குப் பால்காரர் மணி அடிக்கும்போது அம்மா எழுந்து, வழக்கம்போல அவளை எழுப்ப வந்து கதவைத் தட்டுவார்.